முளைக்காத புதியவை

படிவத்தில் நாலு நிரல்.
நல்லாய் முளைத்தவை, கோணலாய் முளைத்தவை, செத்தவை.
கடைசி நிரலின் பெயர்
முளைக்காத புதியவை.

ஈரத்தாளில் நூறு நெல் பரப்பிப்
பதினாலு நாள் காவல் இருப்பது என் உத்தியோகம்.
இடுக்கியால் அழுத்திப் பார்ப்பேன்:
பிதுங்கி நாறினால் செத்தது.
கல்லுப்போல் நின்றால்
கடைசி நிரலில் ஒரு கோடு.

மல்லாவி அரியமலர் யூரியாப் பையில் கொண்டுவந்தது
விதைநெல் இல்லை, பன்றிநெல்.
கறுத்த உமி, சிவந்த அரிசி, நீட்டு வால்,
தொட்ட கையில் உதிர்கிற அவசரம்.
"ரெண்டு காலபோகம் என்னை ஏய்ச்சுப்போட்டுது.
முளைச்சதெல்லாம் பிடுங்கியாச்சு.
முளைக்காததை எப்பிடிப் பிடுங்கிறது?"
பஸ்சுக்கு நேரமாகிறது என்று எழும்பிப் போனாள்.
கேள்வி மேசையில் கிடந்தது.

அவளுடைய விதைநெல்லையும் பக்கத்தில் போட்டேன்.
நாலாம் நாள், நூறில் தொண்ணூற்றாறு,
பள்ளிக்கூட மணி கேட்டதுபோல் ஒன்றாய் எழும்பின.
நாங்கள் பழக்கிய பழக்கம்.
விதைத்த உடனே எழும்பியதை மட்டும் அறுத்து
அதையே திரும்ப விதைத்து
சோம்பலைக் குலத்திலிருந்தே தள்ளிவைத்தோம்.

பன்றிநெல்லில் பதினொன்று.
அடுத்த கிழமை இன்னும் நாலு.
மிச்சம் எண்பத்தைந்தும் தண்ணீருக்குள் கிடந்து
தண்ணீரை நம்பாமல் இருந்தன.

அதை வளர்த்தது ஆவணி மழை.
ஒரு பின்னேரம் கொட்டிவிட்டு
மூன்று கிழமை முகம் காட்டாத மழை.
நம்பி எழும்பியது கருகி, பிள்ளையில்லாமல் போனது.
சந்தேகப்பட்டதற்குப் பேரன் பேத்தி.
அதற்காக எல்லாமே படுத்துக் கிடக்கவும் ஏலாது.
மண்ணுக்குள் எலி, பூஞ்சணம்.
ஏதோ ஒரு வருசம் மழை சொன்ன சொல்லைக் காப்பாற்றிவிடும்,
வெளிச்சத்தை வேறு புல் எடுத்துவிடும்.
ஆகவே ஒரே கதிரில் ஒரே தாய்
உமியைக் கூட்டிக் குறைத்துக் கட்டி அனுப்புகிறாள்:
நீ முதல் ஈரத்துக்குப் போ.
நீ கலப்பை புரட்டும்வரை கிட.
உனக்கு நான் ஒன்றும் சொல்லவில்லை.

யானை வயிற்றால் வந்தால்தான் எழும்புவேன்
என்கிற விதையும் இந்தக் காட்டில் உண்டென்பார்கள்.
நெல்லுக்கு அவ்வளவு பவுசு இல்லை.

போனில் சொன்னேன். கொஞ்சம் யோசித்தாள்.
"அப்ப நானே பொய்மழை பெய்யிறன்."

வாய்க்கால் தலைவரோடு சண்டை பிடித்து
வெறும் வயலுக்குத் தண்ணீர் விட்டாள்.
பச்சை படர்ந்ததும் உழுதாள்.
திரும்பவும் விட்டாள், திரும்பவும் உழுதாள்.
பிறகுதான் விதைப்பு.
அந்த முறை வங்கிக்காரன் எழும்பிக் கதிரை தந்தானாம்.
அடுத்தடுத்த வருசமும் அதே பொய்.

ஐந்தாம் வருசம் வந்தாள்.
பை இல்லை, லேஞ்சியில் ஒரு பிடி.
நூறு எண்ணிப் பரப்பினேன்.
பதினாலு நாளில் மூன்று.

அவள் பொய்க்குத் தலையாட்டியவை உழவோடு போக,
ஆட்டாதவை மிஞ்சி, உதிர்ந்து, பெருகி...
"அப்ப இதுக்குப் பொறுமையைப் படிப்பிச்சது நான்தானோ?"
கோபமா சிரிப்பா தெரியவில்லை.
எத்தனை வருசம் மண்ணுக்குள் கிடக்கும் என்றாள்.
கைநூலைப் புரட்டினேன்.
அவள் காத்திருக்கவில்லை.
"எங்கட காணி ஏழு வருசம் உழாமல் கிடந்தது.
பாதை திறந்து நாங்கள் வந்து இறங்கேக்குள்ள
உது வரம்பில நிண்டது,
எங்களுக்கு முதலே குடிவந்த ஆக்கள் மாதிரி."

படிவத்தில் கையெழுத்து வைத்தேன்.
முளைத்தவை மூன்று. செத்தவை இரண்டு. புதியவை தொண்ணூற்றைந்து.
தாளை எறியவேண்டும் என்பது விதி.
மறந்துபோனேன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இருபத்தாறாம் நாள், குழாயடித் தட்டில்,
காய்ந்து நனைந்து காய்ந்த தாளின் ஓரத்தில்
வெள்ளையாய் ஒரு நுனி.
இவ்வளவு நாளும் எதை எண்ணிக்கொண்டிருந்தது?
பேனையை எடுத்தேன்.
அதை எழுத நிரல் இல்லை.